புள்ளியில் கண்ட தாயகம்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழ்வோர்க்கு என்றும் ஒரு கவலை உண்டு. சென்ற இடத்தின் கலையைக் கற்கப் புகுந்தால், நம்முடைய பண்பு கரைந்துவிடுமோ என்பதே அது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாஷியிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இக்கவலை புதிதன்று. இதற்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை கண்டவர் ஓவியர் சையத் ஹைதர் ராஸா.

மத்தியப் பிரதேசத்து மண்டலா மாவட்டத்தில், 1922ஆம் ஆண்டு, வன அலுவலர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். நாகபுரியில் ஓவியம் பயின்றபின் 1943இல் பம்பாய் வந்தார். வாஷியினின்று ஹார்பர் ரயிலில் வந்து சத்ரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் காணலாகும் ஜே. ஜே. கலைப்பள்ளியே அவர் பயின்ற இடம். 1947இல் சூஸா, ஆரா, ஹுசைன் முதலியோருடன் கூடி முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பம்பாயில் புகலடைந்த வால்டர் லாங்ஹாமர் போன்றோர், மேனாட்டு நவீன ஓவியத்தை இவ்விளைஞர்க்கு அறிமுகம் செய்தனர். ஆகவே, அவர் ஐரோப்பாவுக்குச் செல்லுமுன்னரே ஐரோப்பா அவரைத் தேடி வந்துவிட்டது எனலாம்.

1948இல் காஷ்மீரத்தில் அவருடைய ஓவியங்களைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன், அவற்றில் கட்டமைப்புப் போதவில்லை என்றும், ஸெஸானின் ஓவியங்களை ஆராய்க என்றும் அறிவுறுத்தினார். அதனை உளங்கொண்ட ராஸா, பிரெஞ்சு அரசின் உதவிச் சம்பளம் பெற்று 1950இல் பாரிஸ் சென்றார். 1956இல் அந்நாட்டுத் திறனாய்வாளர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரரல்லாத ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

புகழ் வந்தது, நிறைவு வரவில்லை. பாரிஸில் தேர்ந்த அக்கலையில் தம் நாடு எங்கே என்ற வினா அவரை வருத்தியது. அடிக்கடி தாயகம் வந்தார். ராஜஸ்தானத்துச் சிற்றோவியங்களின் சிவப்பையும் மஞ்சளையும் மீண்டும் நோக்கினார். இளமையில் மனம் ஓடிய தம்மை, சுவரில் இட்ட ஒரு புள்ளியை உற்றுநோக்குமாறு ஆசிரியர் பணித்தது அவர் நினைவில் நின்றது. 1970களின் பிற்பகுதி முதல், ‘பிந்து’ எனும் கரிய வட்டம் அவர் ஓவியங்களின் நடுவே இடம்பெறலாயிற்று. அதனைச் சூழ்ந்த சதுரங்களிலும் முக்கோணங்களிலும் ஐம்பூதங்களின் வண்ணங்கள் விளங்கின.

புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மார்க்கு இதன் உட்பொருளை விளக்கவேண்டுவதில்லை. புள்ளி இல்லையேல் கோடு எதனைச் சுற்றும்? ராஸாவுக்குப் புள்ளியை அளித்தது பாரதம். அதனைச் சூழ உறுதியாகக் கட்டும் திறத்தைப் பழக்கியது பாரிஸ். ஒன்றையே திரும்பத் திரும்பத் தீட்டினார் என்று குறைகூறுவாரும் உளர். ஜபமாலையில் உருளும் மணியும் ஒன்றுபோலவே இருப்பது. உருட்டுவார் உள்ளமோ ஓரிடத்தில் நிற்பதில்லை.

அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தும் அவர் இந்தியக் குடியுரிமையைத் துறக்கவில்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி திரும்பி, 2016இல் மறைந்தார். அவர் விரும்பியவாறே மண்டலாவில், தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.