சிலந்தி நூலும் குறிபார்க்கும் தொலைநோக்கியும்

நிறமாலைமானியை முதன்முறை தொடும் மாணவரிடம், "முதலில் கண்ணருகு லென்சை நகர்த்திக் குறுக்குக் கம்பியைத் தெளிவாகப் பார்" என்று சொல்வது வழக்கம். துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியிலும் முதல் வேலை அதுதான். அந்தக் கம்பி எப்படி உள்ளே வந்தது தெரியுமா?

1609இல் கலிலியோ வானத்தை நோக்கிய தொலைநோக்கியில் கண்ணருகே இருந்தது குழிலென்ஸ். பொருளருகு லென்சிலிருந்து வரும் கதிர்கள் ஒன்றுகூடுமுன் குழிலென்ஸ் அவற்றை விரித்துவிடும். ஆகவே குழாய்க்குள் மெய்ப்பிம்பமே விழாது. கம்பியை எங்கே வைத்தாலும் தெளிவாகத் தெரியாது. 1611இல் கெப்ளர், குவிலென்சுகள் இரண்டைக் கொண்ட அமைப்பை விவரித்தார். அதில் காட்சி தலைகீழாகத் தெரியும். ஆனால் இரு லென்சுகளுக்கும் நடுவே மெய்ப்பிம்பம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அங்கே ஒரு நூலைக் கட்டினால் நூலும் பிம்பமும் சேர்ந்தே தெரியும் அல்லவா?

இதைக் காட்டிக் கொடுத்தது ஒரு சிலந்தி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே வாழ்ந்த வில்லியம் காஸ்கோயின், 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரியனைப் பற்றிய சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். திறந்து கிடந்த தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் இழுத்திருந்தது. சரியாகக் குவியத் தளத்தில்! நாமாக இருந்தால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்போம். காஸ்கோயினோ, அந்த நூலைக் கொண்டு நட்சத்திரத்தைக் குறிபார்க்கலாம் என்று கண்டார். அதோடு நிற்கவில்லை. திருகால் நகரும் இரு விளிம்புகளைக் குவியத் தளத்தில் வைத்து, திருகின் சுற்றுகளை எண்ணி, நிலவின் கோண விட்டத்தை அளந்தார். அதுவே முதல் நுண்ணளவி. அதை நேரில் கண்டு வியந்த வில்லியம் கிராப்ட்ரீ, தம் நண்பர் ஹாராக்சுக்கு அதைப் பற்றி எழுதினார்.

ஆனால் ஹாராக்ஸ் 1641இல் இறந்தார். உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பில் நின்ற காஸ்கோயின், 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மாண்டார். அதே ஆண்டு கிராப்ட்ரீயும் மறைந்தார். விஷயம் தெரிந்த மூவரும் போயினர். 1666இல் பிரான்சின் ஓசு தாம் செய்த நுண்ணளவியை அறிவித்தபோதுதான், ரிச்சர்டு டவுன்லி என்பவர் முன்வந்து காஸ்கோயினின் கருவியைப் பற்றி ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். இல்லையேல் அந்தப் பெயரே மறைந்திருக்கும்.

போரில் இறந்தவரின் நூல் பிற்பாடு போருக்கே போயிற்று. 1840களில் அமெரிக்காவில் மார்கன் ஜேம்ஸ் போன்றோர் துப்பாக்கிகளில் நீண்ட தொலைநோக்கிகளைப் பொருத்தினர். 1861–65 உள்நாட்டுப் போரில் அத்தகையவை பயன்பட்டன. குண்டு விழும் இடத்துக்கும் கம்பி காட்டும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திருகால் சரிசெய்ய வேண்டும். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு திருப்பினால், 100 மீட்டர் தொலைவில் சுமார் 29 மில்லிமீட்டர் நகரும்.

அதற்குமுன் ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் வைத்து, தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கம்பி இலக்கின் மேல் ஊர்ந்தால், அது இடமாறு தோற்றப் பிழை; பிம்பம் கம்பியின் தளத்தில் விழவில்லை என்று பொருள். பொருளருகு லென்சைச் சற்றே நகர்த்தி இரண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். காஸ்கோயினின் சிலந்தி அந்தத் தளத்திலேயே நூலைக் கட்டிவிட்டிருந்தது.