ஒரே அச்சில் பிறந்த பொம்மை லொறிகள்

பழைய உலோகப் பொம்மை லொறி ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். அங்குள்ள பெயர் அதை விற்ற நிறுவனத்தினுடையது. அதன் அச்சைச் செதுக்கியவர்கள் வேறொரு நாட்டில் இருந்திருக்கலாம்.

உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தியே இவை வார்க்கப்படுகின்றன. பெருஞ்செலவு அச்சில்தான். நன்றாகச் செய்த அச்சு பல்லாயிரம் வண்டிகளைத் தரும் என்பதால் அதை எவரும் இலகுவில் எறிவதில்லை. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1934இல் டிங்கி வரிசையில் 25ஆம் இலக்கத்தின் கீழ் ஆறு லொறிகளை வெளியிட்டது. முன்பக்கமும் அடிச்சட்டமும் ஆறுக்கும் ஒன்றே. பின்னால் மட்டும் திறந்த பெட்டி, மூடுதுணி, எரிபொருள் தாங்கி என மாறின.

பிறகு அச்சுகளே கடல் கடந்தன. 1960களின் பிற்பகுதியில் டிங்கி அச்சுகள் சில கல்கத்தாவுக்குப் போயின. டிங்கி என்ற பெயர் அழிக்கப்பட்டு, அதே வண்டிகள் 'நிக்கி' என்ற பெயரில் விற்கப்பட்டன. லிவர்பூல் ஆலை 1979 நவம்பரில் மூடப்பட்டபோது தொழிலாளர் வெளியேற மறுத்து உள்ளேயே இருந்தனர்.

கோர்கியின் கதை இன்னும் நீளமானது. நூரெம்பேர்க்கில் பொம்மை ஆலை வைத்திருந்த யூதரான பிலிப் உல்மான், 1933இல் நாட்சிகளிடமிருந்து தப்பிப் பிரித்தானியா சென்றார். ஆலையை விட்டுவிட்டுத்தான் போனார். தொழில் கையோடு போனது. அங்கு அவர் தொடங்கிய மெட்டோய் நிறுவனமே 1956இல் கோர்கியை வெளியிட்டது. 1983இல் மெட்டோய் முறிந்தது. 1989இல் கோர்கியை அமெரிக்காவின் மட்டெல் வாங்க, சிறிய கோர்கி வார்ப்புகள் சில 'ஹொட் வீல்ஸ்' ஆகின.

மட்ச்பொக்ஸை உருவாக்கிய லண்டனின் லெஸ்னி 1982இல் வீழ்ந்து ஹொங்கொங் கைக்குப் போனது. அதன் அச்சுகள் சிலவற்றில் பல்கேரியாவிலும் வண்டிகள் வார்க்கப்பட்டன. 1997இல் மட்ச்பொக்ஸும் மட்டெலிடம் சேர, பரம எதிரிகளான இரு பெயர்களும் ஒரு கூரைக்குக் கீழ் வந்தன. போட்டி என்று நாம் நினைத்தது கடைசியில் உறவாகவே முடிந்தது.

அச்சு கைமாறியதா, யாரும் பார்த்துச் செய்த போலியா என்று அறிய ஓர் அளவுகோல் போதும். வார்ப்பு ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே பொம்மையிலிருந்தே அச்செடுத்துச் செய்த போலி, மூலத்தைவிட மயிரிழை சிறிதாக இருக்கும். உண்மையான அச்சில் வந்ததோ அளவு மாறாது. தேய்ந்த அச்சென்றால் விளிம்புகள் மழுங்கி, பொருத்துகளில் மெல்லிய பிசிறு தெரியும். அடித்தட்டில் எழுத்தில்லாத வழுவழுப்பான திட்டு இருந்தால், அங்கேதான் பழைய பெயர் இருந்திருக்கும்.