பழைய பின்னலாடைகளின் பிறப்பிடம் அறிதல்: திருப்பூர்ச் சரக்கு

பழைய பனியன், டி-சர்ட் போன்ற பின்னலாடைகள் எந்த ஊரில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் தைக்கப்பட்டவை என்பதை அவற்றின் லேபிள், தையல், துணி, அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் கொண்டு கண்டறியும் முறை இது. 'வின்டேஜ்' ஆடை சேகரிப்போருக்கும் தொழில் வரலாறு எழுதுவோருக்கும் இது பயன்படுகிறது. மலையேறிகளின் பழைய இரும்புக் கொக்கியிலும் பனிக்கோடரியிலும் பட்டறையின் முத்திரை உலோகத்திலேயே அடிக்கப்பட்டிருப்பது வழக்கம். துணிக்கு அந்த வசதி கிடையாது. பின்னலாடையின் கழுத்தில் இருப்பது பெரும்பாலும் விற்றவரின் பெயர்தான், தைத்த ஊரின் பெயர் அல்ல. உலகமெங்கும் ஆடை அனுப்பிய திருப்பூர், அந்த ஆடைகள் எதிலும் தன் பெயரை எழுதிப் பழகவில்லை.

பின்னணி

இந்தியாவின் முதல் பின்னலாடை ஆலை 1893இல் கொல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியதாகக் கொள்வர். திருப்பூரில் பனியன் தொழில் 1920களில் வேர்விட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு அவ்வூர் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியனையே முதன்மையாகத் தைத்தது. 1970களின் இறுதியில் இத்தாலிய வாங்குநர்கள் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தனர். 1980களில் ஐரோப்பியக் கடைத்தொடர்கள் பின்தொடர, ஏற்றுமதி பெருகியது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது. எனவே கையில் இருப்பது 1960களின் ஐரோப்பிய டி-சர்ட் என்றால், அதைத் திருப்பூரோடு இணைக்கக் காரணம் மிகக் குறைவு. அதே காலத்துத் தென்னிந்தியப் பனியன் என்றால் திருப்பூரைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியும் விலையும்

உள்நாட்டுப் பனியனைப் பொறுத்தவரை ஆடையைவிட அது வந்த பெட்டியே அதிகம் பேசும். விலை அணாவில் இருந்தால், அந்த அச்சு 1957 ஏப்ரல் 1க்கு முந்தைய கணக்கைச் சேர்ந்தது. அன்றுதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற முறை வந்தது. 'நயா' என்ற சொல் 1964 ஜூன் 1 முதல் நீங்கியது. ஆகவே 'நயா பைசா' என்ற விலைக் கணக்கு ஏழாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும். இத்தனை துல்லியமான சான்று வேறு எதுவும் கிடைப்பது அரிது.

முகவரியில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரி 14க்கு முந்தைய பெயர். அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்ட் 15இல்தான் அறிமுகமானது. 6416 என்று தொடங்கும் எண் திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தைக் காட்டும். 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்ற அச்சு 2009 வரை சரியான முகவரியே, அவ்வாண்டில்தான் திருப்பூர் தனி மாவட்டமானது.

இங்கே ஒரு விதியை மறக்கக் கூடாது. புதிய அடையாளம் 'இதற்கு முந்தையது அல்ல' என்று உறுதியாகச் சொல்லும். பழைய அடையாளம் 'இதற்குப் பிந்தையது அல்ல' என்று சொல்லாது. அச்சடித்த பெட்டியை யாரும் குப்பையில் போடுவதில்லை. மாநிலத்தின் பெயர் மாறினாலும் இருப்பு தீரும்வரை அதே பெட்டியில்தான் சரக்குப் போகும்.

லேபிள் சொல்வதும் சொல்லாததும்

தவறுகள் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். முதல் குழப்பம் 'ஆர்.என்.' என்ற இரண்டு எழுத்து. நம்மூர்ப் பனியன் பெட்டியில் அது வட்டக் கழுத்து, கையில்லாத பனியனைக் குறிக்கும், கை வைத்தது 'ஆர்.என்.எஸ்.' அமெரிக்காவில் விற்ற ஆடையின் லேபிளில் அதே எழுத்துகளுக்குப் பின் ஓர் எண் வந்தால், அது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தந்த பதிவெண். அமெரிக்காவில் இயங்கும் நிறுவனத்துக்கு மட்டுமே அந்த எண் கிடைக்கும். இறக்குமதியாளருடையதாகவோ விற்பனையாளருடையதாகவோ அது இருக்கலாம், தைத்த திருப்பூர் கம்பெனியுடையதாக இருக்க முடியாது. எண்ணைக் கொண்டு ஆடையின் வயதைக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. அது நம்பத் தகாதது. எண் காட்டுவது நிறுவனம் பதிவான காலத்தை. அதே எண்ணில் அந்நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆடை விற்றிருக்கும்.

'மேட் இன் இந்தியா' என்ற சொல் இல்லாததாலேயே இந்தியச் சரக்கு அல்ல என்று முடிவுகட்டுவது இரண்டாவது தவறு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடைக்கு அப்படி ஒரு பொதுக் கட்டாயம் இல்லை. திருப்பூரின் தொடக்ககால ஏற்றுமதி ஐரோப்பாவை நோக்கியே சென்றது. ஆகையால் அங்குள்ள வீடுகளின் அலமாரிகளில் ஊரும் நாடும் குறிக்கப்படாத திருப்பூர் டி-சர்ட்டுகள் ஏராளமாக இருக்க வேண்டும்.

துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் காலத்தைக் கணிக்க உதவும். அமெரிக்காவில் அது 1972இல் கட்டாயமானது. சொற்கள் இல்லாமல் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி ஆகிய படக்குறிகளை மட்டும் போட அங்கே 1997இல்தான் அனுமதி வந்தது. பார்கோடில் 890 என்ற தொடக்கம் இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனத்தைக் குறிக்கும், தைத்த இடத்தை அல்ல.

துணியும் தையலும்

ஆடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தையலே இல்லை என்றால், உடல் அளவுக்கேற்ற விட்டமுள்ள வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய்போலப் பின்னிய துணி அது. உள்நாட்டுப் பனியனின் பழைய முறை இதுவே. ஒவ்வோர் அளவுக்கும் தனி விட்ட இயந்திரம் வேண்டும். பக்கத் தையல் உள்ள டி-சர்ட், துணியை அடுக்கிக் கட்டிங் செய்து, ஓவர்லாக் ஓட்டி இணைத்தது. அடி மடிப்பும் கை மடிப்பும் 'பேட்லாக்' இயந்திரத்தின் வேலை. அந்தத் தையல் வெளிப்புறம் இரட்டை வரியாகவும், உள்புறம் பின்னிய சங்கிலியாகவும் விழும்.

மடிப்பில் ஒற்றை வரித் தையல் இருந்தால் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அளவுகோல். அந்நாட்டுத் தொழிற்சாலைகள் இயந்திரம் மாற்றிய வரலாற்றிலிருந்து பிறந்த கணக்கு அது. வேறு நாட்டில் வேறு இயந்திரத்தில் தைத்த சரக்குக்கு அதை அப்படியே பொருத்துவது பிழை.

நூல் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பது பழைய சோதனை. பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். ரிப் கழுத்துப்பட்டியில் எலாஸ்டேன் இழை தெரிந்தால் ஆடை 1960களுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை, அவ்விழை 1958இல்தான் உருவாக்கப்பட்டது. புறஊதா விளக்கில் துணி நீலமாக ஒளிர்வதை மட்டும் நம்ப வேண்டாம். வெண்மையூட்டும் ரசாயனம் ஆலையில் ஏறியிருக்கலாம், வீட்டுச் சலவைத்தூளிலிருந்தும் ஏறியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும், வெறும் துணியை வைத்துக் கொல்கத்தாப் பனியனையும் திருப்பூர்ப் பனியனையும் பிரிப்பது பெரும்பாலும் இயலாது. கம்பளி, அக்ரிலிக் ஸ்வெட்டர் என்றால் லூதியானா நினைவுக்கு வரும். மென்பருத்தியில் அப்படி எளிதான எல்லைக்கோடு இல்லை.

காதர்பேட்டைச் சரக்கு

ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியவையும் 'செகண்ட்ஸ்' எனப்படும் பழுதுள்ளவையும் விற்கப்படுகின்றன. வாங்குநரின் பெயர் வெளியே போகாதிருக்க, கழுத்து லேபிளை வெட்டியோ பிய்த்தோ விடுவது வழக்கம். சேகரிப்போர் இதை ஆடையின் குறையாகக் கருதுகிறார்கள். பிறப்பிடம் தேடுவோருக்கோ இது நல்ல தடயம். வெளிநாட்டு அளவு, வெளிநாட்டு அச்சு, வெட்டுப்பட்ட லேபிள் ஆகிய மூன்றும் ஒரே ஆடையில் சேர்ந்தால், அது கப்பல் ஏறாமல் உற்பத்தி வட்டாரத்திலேயே தங்கிய சரக்கு என்று கருத இடமுண்டு. சிக்கல் என்னவென்றால், கழுத்து லேபிளை வெட்டுபவர் சில சமயம் பக்கத் தையலில் உள்ள துவைக்கும் குறிப்பையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்.

உறுதியான சான்று பெரும்பாலும் ஆடைக்கு வெளியேதான் இருக்கிறது: வாங்குநர் ஒப்புதல் தந்த மாதிரி ஆடை, சாயத்துக்கு ஒப்புதல் பெற்ற துண்டுத் துணி, லேபிள் மாதிரிகள் ஒட்டிய ஆர்டர் கோப்பு, ஏற்றுமதி இன்வாய்ஸ். ஒரு கம்பெனி மூடப்படும்போது இயந்திரத்துக்கு விலை கிடைக்கிறது, இந்தக் கோப்புகள் எடைக்குப் போகின்றன. லேபிள் ஒட்டிய ஒரு தாளாவது மிஞ்சினால், எங்கோ ஒரு நாட்டின் அலமாரியில் கிடக்கும் பெயரற்ற டி-சர்ட்டுக்கு அதைக் கொண்டு ஊரும் ஆண்டும் சொல்ல முடியும்.