சம்பா குதிருக்கு, சொர்ணவாரி அடுப்புக்கு

செங்குன்றம் அரிசி மண்டியில் விலை கேட்பதற்கு முன்பே "புதுசா, பழசா?" என்று கேட்டுவிடுவார்கள். "பழசுதாங்க" என்பதே எல்லாக் கடையிலும் பதில். அப்பா காலத்திலிருந்து மண்டியில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். மூட்டையில் இரும்புக் குழாயைக் குத்தி நாலு மணி எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். பழசு 'நறுக்'கென்று உடையும். புதுசு கொஞ்சம் மெத்தென்று கொடுத்து, மாவாகிப் பல்லில் ஒட்டும். நிறத்திலும் தெரியும்: பழசில் லேசான மஞ்சள் ஏறியிருக்கும், புதுசு வெளுப்பாக இருக்கும்.

எதை உடனே தின்பது, எதைப் பழசாக்குவது என்பதை எங்கள் பக்கத்தில் நாக்குக்கு முன்னால் பட்டம், அதாவது சாகுபடிப் பருவம், முடிவு செய்தது. பொன்னேரி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி ஆடி, ஆவணியில் அறுப்புக்கு வரும். அப்போது சாயங்காலமானால் இடிமழை. களத்தில் நெல் சரியாகக் காயாது. ஈரத்தோடு குதிரில் கொட்டினால் சூடேறிப் பழுத்துவிடும். அதனால் அது வந்த வேகத்தில் அவித்து, குத்தி, தின்று தீர்க்க வேண்டிய நெல். சம்பா தை மாதம் அறுப்பு. பனியும் வெயிலுமாக நன்றாகக் காயும். நான்கைந்து மாதம் வயலில் நின்ற நெல். வருஷம் முழுக்கக் குதிரிலும் நிற்கும்.

களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து உறை உறையாக அடுக்கிய குதிரைக் கடைசியாக எங்கள் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். நெல்லோடு நொச்சியும் வேப்பிலையும் போட்டு மேல்வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதில் துணி அடைப்பு. உமியோடு இருக்கும்வரை நெல் கெடாது. குத்தித் தவிடோடு வைத்தால் தவிட்டு எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். சிவப்பரிசியைத் தீட்டாமல் தின்பதால் அதை அவ்வப்போது குத்தி, புதுசாகவே தின்றார்கள்.

இதில் சாதி, சொத்துக் கணக்கும் உண்டு. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பார்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். களத்து மேட்டில் பொலி தூற்றியதும், பங்கு பிரிப்பதற்கு முன்பே கோயில், கணக்கன், தலையாரி, வண்ணான், நாவிதன், தச்சன் என்று ஒவ்வொருவருக்கும் அளந்த மேரை அந்தக் கணக்குகளில் இருக்கிறது. மேரை வாங்கியவன் வீட்டில் அன்றைக்கே உலை வைப்பான். குதிர் மிராசுதார் வீட்டில்தான் இருக்கும். கோயில்களின் கொள்ளளவு அதைவிடப் பெரிது: பாபநாசம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் 3,000 கலம் நெல் பிடிக்கும். பழைய அரிசிச் சோறு என்பது காத்திருக்க வசதியுள்ளவன் சோறு. விருந்தில் பருக்கை பருக்கையாக உதிரும் சோற்றுக்கு மதிப்பு வந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

காத்திருக்க முடியாதவன் கண்ட வழி புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே உள்ளிருக்கும் மாவு வெந்து, காய்ந்ததும் இறுகிவிடுகிறது. புது நெல்லின் குழைவு பெருமளவு போய்விடும். குதிரில் மாதக்கணக்கில் நடப்பதும் இறுகும் வேலையே. மாவும் புரதமும் மெல்ல மாற, வேகும்போது கஞ்சி குறைவாக இறங்குகிறது. மாற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று, நான்கு மாதங்களிலேயே முடிந்துவிடும். "இரண்டு வருஷப் பழசு" என்று கூடுதல் விலை சொல்பவரிடம் இதை நினைவில் வையுங்கள்.

திருவள்ளூருக்குப் பக்கத்துத் திரூரில் 1942-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கமே டி.கே.எம். 1952-இல் அங்கே வந்த டி.கே.எம். 6 நெல்லை மணிலாவின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வாங்கி, ஐ.ஆர். 20-க்கும் ஐ.ஆர். 36-க்கும் மூதாதை ஆக்கியது. தண்டு துளைப்பானைத் தாங்கும் குணம் அதில் இருந்தது. ஆசியாவே தின்ற நெல்லில் எங்கள் ஊர் ரத்தம் உண்டு என்று மண்டியில் நான் பெருமை அடிப்பேன், யாரும் கண்டுகொள்வதில்லை. 1978-இல் வந்த டி.கே.எம். 9 குண்டு மணி, சிவப்பு, குறுகிய வயது. சொர்ணவாரிக்குப் பொருந்திய நெல், கஞ்சிக்கும் புட்டுக்கும் உடனே தின்ன ஏற்றது. 2015-இன் டி.கே.எம். 13 சன்னம், சம்பாவுக்கு உரியது. பழைய கணக்கு புதுப் பெயரில் தொடர்கிறது.

பிரெஞ்சுக்காரர்களும் இப்படித்தான். போஜொலே வட்டாரத்துக் காமே திராட்சையில் துவர்ப்பு குறைவு. அந்தச் சிவப்பு ஒயினை அறுவடை முடிந்த சில வாரங்களில், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை திறந்து குடித்துவிடுகிறார்கள். துவர்ப்பு மிகுந்த போர்தோவை நிலவறையில் போட்டு வைக்கிறார்கள். இளசில் எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று பார்க்கும் கண் ஒன்றுதான்.

இப்போது குதிர் இல்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று கருவி காட்டினால் நெல் போய்விடுகிறது. எளாவூர் சோதனைச் சாவடி வழியாக நெல்லூர் நெல் லாரி லாரியாகச் செங்குன்றம் ஆலைகளுக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் மலிவான புதுப் புழுங்கலைக் கேட்டு வாங்குகிறார்கள். ராத்திரி வடித்துத் தண்ணீர் ஊற்றி, காலையில் பகாளா என்று சாப்பிட அதுவே போதும் என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பொங்கலுக்கும் கஞ்சிக்கும் பச்சைக் குழந்தைச் சோற்றுக்கும் புதுசை வாங்குங்கள், பழசுக்கு வீணாகக் காசு கொடுக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டு தண்ணீரே அதற்கு அதிகம். புளிச்சோற்றுக்கும் விருந்துக்கும் பழசு. அது இரண்டரை கேட்கும். மாசி, பங்குனியில் "புது வருஷப் பழசு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு, எந்த மாதத்து அறுப்பு என்று மட்டும் கேளுங்கள்.