மேலாளுக்கு எத்தனை பங்கு?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்த செட்டியார்களில் பலர் முதலாளிகளே இல்லை. ஏஜெண்டுகள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசித்தவர்களுக்கு வட்டிக்கடை மேலாளையும் அடுத்தாளையும் தெரிந்திருக்கும். அந்த மேலாளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருஷத் தவணை. சம்பளத்தை மொத்தமாகப் பேசி ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். முதலாளியின் பவர் பத்திரம் அவர் கையில். யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி, எப்போ கோர்ட்டுக்குப் போறது, எல்லாம் அவர் முடிவு. கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். பக்கத்திலிருந்து கண்காணிக்க முடியாத ஆளிடம் மொத்தப் பணத்தையும் ஒப்படைக்கச் சம்பளம் மட்டும் போதாதே. அதனால் தவணை முடிவில் லாபத்தில் ஒரு பங்கு. பர்மாவில் அது சுமார் பத்து சதவிகிதம். 1929-30இல் அங்கே அமைந்த வங்கி விசாரணைக் குழு தன் அறிக்கையில் செட்டியார்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது.

கவனிங்க, பங்கு லாபத்தில்தான், முதலில் இல்லை. ஆனால் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியவர் அடுத்த சுற்றில் பங்காளியாகலாம், சொந்தக் கடையே போடலாம். உண்மையான ஈர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓட்டையும் இருந்தது. கடன் கொடுத்தவர் ஒருவர், மூன்று வருஷம் கழித்து வசூலிக்க வருபவர் இன்னொருவர். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலமும் தோட்டமும்தான் கைக்கு வந்தன. லாபமில்லாத கடையில் பத்து சதவிகிதத்துக்கு என்ன மதிப்பு?

எங்கள் நிறுவனத்தில் லாபம் இன்னும் பிறக்கவேயில்லை, அதனால் லாபப் பங்கு பேச வழியில்லை. மூலதனத்தில்தான் கொடுக்கணும், நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. மூத்த பொறியாளருக்கு அரை சதவிகிதம் போதும் என்கிறார்கள். கலிஃபோர்னியா நிறுவனங்களின் அட்டவணையைக் காட்டுகிறார்கள். அந்த அட்டவணையில் இருப்பவர் முதலாளியின் பக்கத்து மேசைக்காரர். நாங்கள் எடுக்கப்போகிறவர் பினாங்கில் தனியாக இருப்பார். வாடிக்கையாளரிடம் விலை பேசுவதும் அவர்தான், வேலையை முடித்துக் கொடுப்பதும் அவர்தான். நாங்கள் கோலாலம்பூரில். நான் ஒன்றரை கேட்டிருக்கிறேன்.