வீட்டுக்கு வந்த வேதாகமம்

1955 ஜூலை 3-ம் நாள் மைசூரிலிருந்து உதகை மறைமாவட்டம் பிரிந்து, மேதகு அந்தோணி படியறா ஆண்டகை முதல் ஆயரானபோது பூசை இலத்தீனில்தான். தோட்டத்து லைன் வீடுகளில் மாலைதோறும் செபமாலை சொல்வார்கள். வேதாகம வாசிப்போ பிற சபையாரின் வழக்கம் என்று நம்மவர் பலர் ஒதுங்கியிருந்தனர்!

1965 நவம்பர் 18-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் யாவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்கவும், வாசிப்போடு செபத்தைச் சேர்க்கவும் பணித்தது. எங்கே தொடங்குவது? 1969-ம் ஆண்டின் வாசக அட்டவணை ஞாயிறுகளுக்கு 3 ஆண்டுச் சுற்றை வகுத்து, வாரநாட்களுக்கும் தனித்தனி வாசகம் குறித்தது. கொழுந்தெடுக்கப் போகுமுன் அன்றைய நற்செய்தியை வாசிக்கும் குடும்பம், பீடத்தில் வாசிக்கப்படும் பகுதியையே வாசிக்கிறது. தினமும் கோயிலுக்கு மலையேற முடியாதோர்க்கு இது சிறு காரியமா?

1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையோ, நாமும் பிற சபையாரும் சேர்ந்தே செய்தோம்.