கஞ்சாவும் இலங்கைச் சட்டமும்

1929 ஆம் ஆண்டு கொழும்பின் சட்ட வரலாற்றில் விந்தையானதோர் ஆண்டாகும். பொரளையிற் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பெற்று, ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் அரசின் ஆதரவிற் கற்பிக்கப்படலாயின. அவ்வாண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமோ, அம்மருத்துவங்கள் மருந்தெனக் கொண்ட கஞ்சாவைத் தடைக்குட்படுத்தியது. 1925 இல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கை அதனைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் முன்னரே கொணர்ந்திருந்தது.

இப்பொருள்பற்றிப் பலர் கருத்தையும் கேட்டறிந்த விசாரணை ஒன்று அதற்கு முன்பே நிகழ்ந்ததுண்டு. 1893-94 இல் பிரித்தானிய இந்தியாவில் அமைந்த குழு 1,193 சாட்சிகளை விசாரித்தது. மட்டான பாவனை பெருந்தீங்கு பயவாது. முற்றான தடை வேண்டா. வரியும் அனுமதிப்பத்திரமுமே தக்க வழி என அது முடிவுகண்டது. அவ்விசாரணை பாக்கு நீரிணையைக் கடக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லேகியம் கிண்டிய வைத்தியர்க்கு அதன்முன் சாட்சி கூறும் வாய்ப்பும் இருக்கவில்லை.

1961 இன் ஆயுர்வேதச் சட்டம் பதிவுபெற்ற வைத்தியர்க்குச் சிறு வாயிலொன்றைத் திறந்தது. ஆயினும் பயிரிடும் உரிமை கிட்டவில்லை. மதனமோதகம் முதலியவற்றுக்கு வேண்டிய கஞ்சா, நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த சரக்கிலிருந்தே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு வந்தது. வழக்கு முடியுமட்டும் சான்றுப்பொருளாய்க் கிடந்து உலர்ந்த இலை அது! சரக்குகளின் சுத்திமுறையை இத்துணை நுணுக்கமாக வகுத்த மருத்துவத்துக்கு இஃது இழுக்கென்றே கூறவேண்டும்.

2025 இல், எதிர்ப்புகளுக்கிடையே, மீரிகமவிற் கஞ்சா பயிரிட அந்நிய முதலீட்டாளர் எழுவருக்கு அரசு இசைவளித்தது. விளைச்சல் முழுவதும் ஏற்றுமதிக்கே என்பது நிபந்தனை. உள்ளூர் வைத்தியரின் குகைக்கும் கல்வத்துக்கும் அதில் ஒரு பிடியும் ஒதுக்கப்படவில்லை.